ஊற்றியதா, வார்த்ததா

1

1986 மார்ச் 7, வெள்ளிக்கிழமை. எழுந்தது காலை 4.20. சுபஹ் தொழுதது வீட்டில். மொட்டைமாடிக்கு ஏறியது 5.10. முதலாம் வரிசை ஈரம், இரண்டாம் வரிசை ஈரம், மூன்றாம் வரிசை காய்வு. கொச்சிக்காய் ஒன்பது பறித்தேன், பொன்னாங்காணி இரண்டு பிடி. காலைச் சாப்பாடு ரொட்டியும் சம்பலும். சபியா இரவு வேலை முடிந்து வந்தது 7.40. அவள் படுத்த பிறகு சத்தமில்லாமல் உடுப்புத் தோய்த்தேன். ஜும்ஆவுக்குப் புறப்பட்டது 11.15.

தோஹாவில் எங்கள் வெள்ளிக்கிழமைகள் ஏறக்குறைய எல்லாமே இப்படித்தான் இருக்கும். நான் ஒரு கட்டுமானக் கம்பனியில் ஸ்டோர்கீப்பர். என் மனைவி சபியா ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தாள், ஒரு கிழமை இரவு முறை, மறு கிழமை பகல் முறை. மகள் றிஸானாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. இந்தியப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் படித்தாள். ஒரே வீட்டில் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் நாளுக்கு மூன்று மணித்தியாலம் தேறாது.

மூன்று வருடம் கழித்து இதை இப்போது எழுதக் காரணம், எங்கள் ஊர் மருதமுனையிலிருந்து ஒரு நண்பர் போட்ட கடிதம். அவரும் மனைவியும் ஆசிரியர்கள். ஒரு பிடி கீரைக்கும் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது, பாலைவனத்தில் நீங்கள் பேணியில் கீரை வளர்த்தீர்களாமே, செலவும் நேரமும் இல்லாத அந்த முறையை எழுதுங்கள் என்று கேட்டிருந்தார். விபரம் எடுக்க 1986ஆம் ஆண்டுக் கொப்பியைத் திறந்தேன். மார்ச் 7இல் கை நின்றுவிட்டது. முறையை மட்டும் எழுதி முடிக்க மனம் வரவில்லை. மற்றதையும் எழுதட்டுமா என்று மகளிடமும் மனைவியிடமும் கேட்டேன். இருவரும் ஓம் என்றார்கள். மனைவி சற்று நேரம் எடுத்துத்தான் சொன்னாள்.

2

முதலில் முறை. இரண்டரைக் கிலோப் பால்மாத் தகரப் பேணி எடுத்து, அடியில் ஆணியால் மூன்று ஓட்டை போடவேண்டும். உள்ளே இரண்டு விரல் உயரத்துக்குத் தேங்காய்த் தும்பு. தோஹாவில் தும்பு கிடைக்காததால் நான் கிழிந்த அரிசிச் சாக்கை வெட்டிப் போட்டேன். அதன் மேல் மூன்று பங்கு மணல், ஒரு பங்கு ஆட்டெரு. நாங்கள் வாங்கிய பொருள் அந்த எரு ஒன்றுதான். பிறகு முட்டைக்கோதும் தேயிலைச் சக்கையும் காயவைத்து நொறுக்கி, பதினைந்து நாளுக்கு ஒரு பிடி.

முதல் வருடம் தக்காளியும் கத்தரியும் வைத்து ஏமாந்தேன். நேரமில்லாத வீட்டுக்கு அவை சரிவராது. இரண்டு நாள் கவனிக்காவிட்டால் பூவைக் கொட்டிவிடும். பொன்னாங்காணி, முளைக்கீரை, புதினா, கொச்சிக்காய் ஆகிய நான்கும் பொறுத்துக்கொள்ளும். பொன்னாங்காணிக்கு விதைகூட வேண்டாம். ஊரிலிருந்து வந்த ஒருவர் ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த ஆறு தண்டுதான் எங்கள் பேணிகள் முழுவதற்கும் தாய். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை சாக்கைக் கூரையாகக் கட்டி, வேர் உயிரோடு கிடந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டும்.

எல்லாரும் தவறுவது தண்ணீரில்தான். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் குளமாக்குவார்கள், நான்கு நாள் மறப்பார்கள். அதற்கு நாங்கள் கண்ட வழி, தொழுகைக்கு முன் கை கால் கழுவும் வுளுத் தண்ணீர்.

இதை 1979இல் மருதமுனையிலேயே தொடங்கிவிட்டேன். அப்போது நான் கல்முனையில் ஒரு சங்கக்கடையில் கிளாக்கர். சபியா காலையில் தறியில் இருந்தால் நண்பகல் லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவாள். கடற்கரை மணல், ஊற்றுவதையெல்லாம் குடித்துவிட்டு ஊற்றாத மாதிரிக் கிடக்கும். முந்திய வருடத்துப் புயலில் வளவுத் தென்னைகள் விழுந்து பொச்சு மட்டை குவிந்து கிடந்தது. கிணற்றடியில் ஒரு முழம் தோண்டி, அந்த மட்டைகளைக் கிண்ணம் போல மேல்நோக்கி அடுக்கி, மணலால் மூடி, மேலே கீரைப் பாத்தி போட்டேன். தொழப் போகுமுன் கை, முகம், கால் கழுவும் கல்லை, தண்ணீர் பாத்திக்கு ஓடும்படி நகர்த்தி வைத்தேன். அதற்குப் பிறகு அந்தப் பாத்திக்கு யாரும் தனியாகத் தண்ணீர் ஊற்றவில்லை. ஐந்து நேரமும் யாராவது கழுவினார்கள், கீரை வளர்ந்தது. இரண்டு முறை ஆடு தின்றது, அது வேறு கதை. தொழுகையை மறக்காத வீட்டில் கீரை காயாது என்று அந்த நாளில் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன்.

தோஹாவில் கிணற்றடி இல்லை. ஆகவே மூன்று பிளாஸ்டிக் பேசின். நீலம் எனக்கு, பச்சை சபியாவுக்கு, சிவப்பு றிஸானாவுக்கு. மாடியில் இருபத்தொரு பேணி, ஆளுக்கு ஏழாக மூன்று வரிசை. ஒருமுறை வுளு எடுத்தால் இரண்டு போத்தல் தண்ணீர் பேசினில் நிற்கும், ஏழு பேணிக்கு அளவாகக் காணும். அவரவர் தண்ணீர் அவரவர் வரிசைக்கு என்பது என் சட்டம். காலையும் மாலையும் ஈரமா காய்வா என்று கொப்பியில் எழுதினேன். சபியா அதை 'பொலிஸ் கொப்பி' என்பாள்.

3

1985இல் கட்டடத்துக் காவல்காரர், மாடியில் பேணி வைத்தால் தண்ணீர் தேங்கி நுளம்பு வரும், அனுமதிக் கடதாசி எடுத்து வா என்றார். றிஸானாவையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்குப் போனேன். படிவம் முழுவதும் அரபு. என்ன பயிர் என்று ஓர் இடம் இருப்பதாக மகள் காட்டினாள். குர்ஆன் ஓதப் படித்தவன் அல்லவா, அரபு எழுத்து எனக்குத் தண்ணீர் பட்டபாடு. பேனாவை வாங்கி நானே அழகாக எழுதிக் கொடுத்தேன்.

கிளாக்கர் வாசித்தார். "கீரா?" என்றார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவரும் "கீரா... கீரை?" என்று பார்த்தார். இருவரும் என்னைப் பார்த்தார்கள். அடுத்த யன்னலுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே 'கீரா'. மூன்றாவது யன்னலில் றிஸானா அரபில் ஏதோ சொன்னாள். அந்த மனிதர் சிரித்து முத்திரை குத்தினார்.

வெளியே வந்து கேட்டேன். "என்ன மகள் சென்ன அவருக்கிட்ட?"

"மரக்கறி எண்டு சென்னன். வாப்பா, நீங்க எழுதின தமிழ்."

"எழுத்து அரபுதானே?"

"எழுத்து அரபு. சொல்லு தமிழ். அவருக்கு எப்பிடி வாப்பா விளங்கும்?"

எங்கள் ஊரில் தமிழை அரபு எழுத்தில் எழுதிப் பழகிய கை, கந்தோரிலும் அதையே செய்துவிட்டது. அன்றிலிருந்து கந்தோர்களில் அவள் முன்னால், நான் பின்னால். வதிவிட அனுமதியான இக்காமாவைப் புதுப்பிக்கப் போனாலும் அப்படித்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எங்கள் பெயர், பிறந்த இடம், வந்த திகதி எல்லாம் சொல்லுவாள். நான் புகைப்படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இந்த ஊர் அவளுக்கு விளங்கியது. எனக்கும் தாய்க்கும் கடைசி வரை விளங்கவில்லை.

4

அதே காலத்தில் அவளுடைய தமிழ் எங்களை விட்டுப் போகத் தொடங்கியது. கூட்டாளிப் பிள்ளைகள் இந்தியத் தமிழர், வீடியோப் படங்களும் அங்கத்தையவை. ஒரு நாள் "ஓம்" என்பதற்கு "ஆமா" என்றாள். கொச்சிக்காய் 'பச்சை மிளகாய்' ஆனது. கதைக்கிறது 'பேசுறது' ஆனது. சபியா அதைக் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் பார்ப்பாள்.

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் நான் அவளுக்குத் தமிழ் எழுத்துப் பாடம் நடத்தினேன். பாடம் என்பது ஊருக்குக் கடிதம். மருதமுனையில் எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவள் சபியாவின் தங்கை கதீசா, றிஸானாவுக்குச் சாச்சி. எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு உரியது. சபியாவுக்கு அவள் வாப்பா கொடுத்த அந்த வீடு நாளைக்கு றிஸானாவுடையது. அந்தச் சாச்சிக்குத்தான் ஜனவரி 31ஆம் திகதி மகள் கடிதம் எழுதினாள். 'என் பேணிகளுக்குத் தண்ணி ஊத்தினேன், உம்மாவுக்கு நேரம் இல்லை, எல்லாம் நானேதான்' என்று ஒரு வரி.

நான் சிவப்புப் பேனாவால் திருத்தினேன். 'ஊத்தினேன்' கொச்சை என்று வெட்டி, 'தண்ணீர் வார்த்தாயிற்று' என்று எழுதிக் கொடுத்தேன். விமானக் கடிதத்தாளில் இடம் போதாததால் 'என் பேணிகளுக்கு' என்பதையும் எடுத்துவிட்டேன். அவள் அப்படியே பார்த்து எழுதி அனுப்பினாள்.

வார்த்தல் என்றால் எங்கள் ஊரில் என்ன என்று எனக்குத் தெரியாததல்ல. செடிக்கு ஊற்றுவார்கள். பெண்பிள்ளை பெரியபிள்ளையானால், மாமிமாரும் சாச்சிமாரும் கூடி அவள் தலைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். பிழை திருத்தும்போது எனக்கு ஊர் ஞாபகம் இல்லை, இலக்கணம்தான் ஞாபகம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்து வைத்திருந்தோம். றிஸானா பெரியபிள்ளையானதும் அவளும் தாயும் ஊருக்குப் போய்விடுவது, நான் மட்டும் இங்கே நின்று உழைப்பது. சபியா கேட்டதும் அதுதான், நான் ஓம் என்றதும் அதற்குத்தான். மகளிடம் யாரும் கேட்கவில்லை.

5

மார்ச் 7, பிற்பகல் 2.45. சபியா எழும்பித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கதீசாவின் பதில் கடிதம் வந்திருந்தது. வழக்கம்போல நான் உரத்து வாசித்தேன்.

'ராத்தா, புள்ளக்குத் தண்ணி வார்த்து முடிஞ்சி, எங்களுக்கு ஒரு சொல்லுச் செல்ல ஒங்களுக்கு மனசு வரல்லயா? நீங்க வேலைக்கிப் போயிட்டீங்க, புள்ள தனிய நிண்டு எல்லாம் தானே செஞ்சிரிக்கா எண்டு வாசிச்சி ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல்ல. மாமிமாருக்கெல்லாம் செல்லிட்டன். எல்லாரும் கோவம். அவள்ட வீட்டுக்கு வெள்ளை அடிக்க ஆள் பிடிச்சிரிக்கன். எப்ப வாறீங்க எண்டு மறுகடிதத்தில எழுதுங்க.'

சபியா முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். மாதக் கணக்கில் அவள் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

"அல்லாவே! கீரைக்கி ஊத்தினதப் புள்ளக்கி வார்த்ததாக்கிட்டாளே இவள்! மாமிமாருக்குமெல்லாம் செல்லியாச்சாம்!"

"அந்தச் சொல்லு என்ட சொல்லு. நான்தான் திருத்தின" என்றேன்.

"தெரியும் தெரியும், பெரிய வாத்தியார். ஊத்தினன் எண்டு எழுதினா ஒங்கட தமிழ் மௌத்தாப் போயிடுமா? இப்ப பாருங்க, மருதமுனை முழுக்க என்ட புள்ளக்கு முட்டை உடைச்சி வெச்சிக்கிட்டு இரிக்கி." மகள் பக்கம் திரும்பினாள். "றிஸானா, கேட்டியா? ஒனக்கு அங்க வீட்டுக்கு வெள்ளையும் அடிச்சாச்சி."

றிஸானா சிரிக்கவில்லை. கடிதத்தின் மேலுறையை எடுத்து இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். பிறகு, "எனக்குச் சோதனைக்குப் படிக்க இரிக்கி" என்று எழும்பிப் போனாள்.

"வெக்கம் புள்ளக்கி" என்றாள் சபியா. சிரிப்பு அடங்கிய பிறகு தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். வெளிறாக்கும் மருந்தில் ஊறி விரல் நுனிகளில் தோல் வெடித்திருந்தது. "நாளைக்கே எழுதிப் போடுங்க, கீரைக்கித்தான் ஊத்தின எண்டு. ஆனா மெய்யாவே அந்த நாள் வந்தா எவ்வளவு நல்லம். அடுத்த பிளேனுக்கு நான் போயிடுவன். இந்தக் கைய வெச்சிக்கிட்டு இனி எனக்கு ஏலா. ஒங்கட சொல்லு சொல்லுதானே?"

"ஓம்" என்றேன்.

6

அஸர் தொழுகைக்குப் பிறகு மாடிக்கு ஏறினேன். மூன்றாம் வரிசை காலையில் கண்டதைவிட மோசமாகத் தலை தொங்கிக் கிடந்தது. கொப்பியை விரித்து எழுதப் போனவன், முந்திய பக்கங்களைப் புரட்டினேன்.

மூன்றாம் வரிசை காய்வு: ஜனவரி 8 முதல் 13 வரை. பிறகு ஒழுங்காக ஈரம். மீண்டும் காய்வு: பெப்ரவரி 6 முதல் 11 வரை. பிறகு ஈரம். மீண்டும், மார்ச் 6.

பெப்ரவரி 9ஆம் திகதிக்கு நேரே என் கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது: 'மகள் தொழுகையில் அசட்டை. கண்டித்தேன்.' அன்று என்ன சொல்லிக் கண்டித்தேன் என்பதும் நினைவு வந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து அல்லாஹ்வையும் மறந்துவிட்டாயா என்று கேட்டிருந்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

மாதத்தில் பெண்கள் தொழாத நாட்கள் உண்டு என்று அறியாதவனா நான்? இரண்டு மாதமாக அதைத் திகதி பிசகாமல் எழுதி வந்திருக்கிறேன். எழுதியதை ஒருநாளும் வாசிக்கவில்லை.

உலர்ந்த உடுப்பு எடுக்க றிஸானா மேலே வந்தாள். என் கையில் கொப்பியைக் கண்டு நின்றாள். தகப்பன் மகளிடம் கேட்கிற விஷயமல்ல அது. திகதிகளை மட்டும் வாசித்தேன்.

"ஜனவரி எட்டு. பெப்ரவரி ஆறு. நேத்து."

அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை.

"உம்மாக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஆரு மகள் ஒனக்கு…"

"பள்ளிக்கூடத்தில டீச்சர் செல்லித் தந்தா."

அதைக் கேட்டபோது, மூன்று பேர் வீட்டில் நாங்கள் இருவரும் எங்கே இருந்தோம் என்று தோன்றியது. எதையாவது கேட்கவேண்டுமே என்று, கேட்கத் தேவையில்லாத ஒன்றைக் கேட்டேன். "அப்ப பைப்புத் தண்ணிய எடுத்து ஊத்தியிருக்கலாமே? காயாம இருந்திருக்குமே. எனக்கும் தெரிஞ்சிருக்காதே."

"ஒளு எடுக்காம ஊத்தினா, நீங்க கொப்பியில ஈரம் எண்டு எழுதுவீங்க. அது பொய்தானே வாப்பா?" என்றாள். "நான் ஒருத்தருக்கும் பொய் செல்லல்ல. உம்மா கேக்கல்ல. நான் செல்லல்ல. அவ்வளவுதான்."

இந்த ஒழுங்கு என்னிடமிருந்து போனது என்று கண்டுகொள்ள எனக்கு நேரம் எடுக்கவில்லை. மகிழ முடியவில்லை.

"உம்மாட்ட இப்ப செல்லாதீங்க" என்றாள். "இந்தச் சோதனை முடிஞ்சி எட்டாம் வகுப்பு. எட்டு மட்டும் இங்க படிச்சிட்டுப் போறன். அங்க போனா சாச்சி என்ன வீட்டுக்குள்ள வெச்சிருவா. ஒங்களுக்குத் தெரியும்தானே."

"உம்மாட கையக் கண்டியா?"

"கண்டன்." அழத் தொடங்கினாள். "நான்தான் ராவைக்கி எண்ணெ பூசிவிடுற."

"நோம்பு வருது மகள், ரெண்டு மாசத்தில. அந்த நாளில நோம்பும் பிடிக்க ஏலாதே, அப்ப எப்பிடி மறைப்பாய்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றிலிருந்து உடுப்பை எடுக்கத் தொடங்கினாள்.

"எனக்குப் பொய் எழுத வராது" என்றேன்.

"பொய் எழுத வேணாம் வாப்பா. எழுதாம விட்டாக் காணும்."

உடுப்புகளை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனாள். மஃரிபுக்குப் பாங்கு கேட்கும் வரை நான் மாடியில் நின்றேன். சபியாவிடம் சொல்லாமல் விட, ஊரில் அப்போது கலவரக் காலம், அது ஒரு நியாயம். பிள்ளையின் படிப்பு ஒரு நியாயம். இரண்டையும் அடுக்கிப் பார்த்தேன். மூன்றாவதும் ஒன்று இருந்தது. அவர்கள் இருவரும் போனால், அவர்கள் வருமுன் நான் இருந்த, எட்டுப் பேர் படுக்கும் அறைக்குத் திரும்பவேண்டும். அது நியாயமல்ல, ஆனால் மற்ற இரண்டையும் விடக் கனமாக இருந்தது. சொல்லிவிடும் பக்கத்தில், ஊர் வீட்டுச் சுவருக்குக் கதீசா அடிக்கும் வெள்ளையும் சபியாவின் வெடித்த விரலும் மட்டும்தான் இருந்தன. சபியாவின் விரல் என்னைச் சும்மா விடவில்லை. கீழே இறங்கியதும் சொல்லிவிடுவது என்று நினைத்தேன். இறங்கினேன். அவள் மறுநாள் பகல் முறைக்கு இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு அழுத்திக்கொண்டு, "ஊத்தின, வார்த்த" என்று தனக்குள் சொல்லி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

7

மார்ச் 8, சனிக்கிழமை. எழுந்தது 4.20. நீலப் பேசினில் வுளு எடுத்தேன். தொழுவதற்கு முன்பே அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறி, மூன்றாம் வரிசைக்கு ஊற்றினேன். ஏழு பேணிக்கும் காணும் அளவாக இருந்தது. கீழே சபியா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். சப்பாத்துத் தேடும் சத்தம் கேட்டது. கொப்பியை எடுத்து எழுதினேன்: முதலாம் வரிசை ஈரம், இரண்டாம் வரிசை ஈரம், மூன்றாம் வரிசை ஈரம்.

முதலாம் வரிசை என்னுடையது. அது காய்ந்துதான் இருந்தது.